பொறிப்பும் பதிப்பும்: கம்பம் பள்ளத்தாக்கில் எழுத்தைப் படியெடுத்த வரலாறு

தமிழ் அச்சின் வரலாற்றை எழுதுவோர் கொல்லம், கொச்சி, புன்னைக்காயல், அம்பலக்காடு, தரங்கம்பாடி, வேப்பேரி, மானிப்பாய் என்று ஊர்ப்பெயர்களை அடுக்கிச் செல்வது வழக்கம். அவற்றுள் பெரும்பாலானவை கடற்கரையிலோ கடற்கரைக்கு அணித்தாகவோ அமைந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு, மேகமலைத் தொடர்களுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும், அதன் வாயிலாக வளர்ந்து 1996இல் தனி மாவட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்ட தேனியும் அந்த அடுக்கில் இடம்பெறுவதில்லை. புகழ்பெற்ற முதல் நூல் எதுவும் இங்கே அச்சாகவில்லை என்பதால் அது நியாயமான விடுபடல்தான். ஆனால் அச்சு வரலாறு என்பது முதல் நூல்களின் வரலாறு மட்டுமாக இருக்க இயலாது. ஒரு நிலப்பகுதியின் மக்கள் எழுத்தை எதற்காகப் பொறித்தார்கள், எப்போது அதற்குப் படிகள் தேவைப்பட்டன, அந்தப் படிகளை எடுத்தவர் யார், அவை யாருக்குப் பயன்பட்டன என்ற கேள்விகளும் அதற்குள் அடங்கும் என்று கொண்டால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லிலும் செம்பிலும் எழுத்து வெட்டி வந்த இப்பள்ளத்தாக்கு, பெரிய அச்சு நகரங்கள் சொல்லாத சில செய்திகளைச் சொல்கிறது.

அதற்கு முன் அச்சின் அடிப்படை வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு பரப்பில் உள்ள உருவத்தை மையின் துணையால் இன்னொரு பரப்புக்கு மாற்றி, அதே உருவத்தை வேண்டிய தடவை திரும்ப எடுப்பதே அச்சு. எழுத்து மேடாக நின்று அதன் தலையில் மை ஒட்டினால் அது மேட்டச்சு. மரக்கட்டை அச்சும் ஈய எழுத்து அச்சும் இவ்வகையைச் சேரும். எழுத்து பள்ளமாக வெட்டப்பட்டு அப்பள்ளத்துக்குள் மை தங்கினால் அது குழியச்சு. செப்புத் தகட்டில் படம் செதுக்கி எடுக்கும் முறை இது. மேடும் பள்ளமும் இல்லாத சமதளத்தில், எண்ணெய்ப் பிசுக்கும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பைக் கொண்டு மையை வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டச் செய்தால் அது சமதள அச்சு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சும், அதன் வழிவந்த இன்றைய ஆஃப்செட்டும் இவ்வகையின.

பள்ளத்தாக்கின் எழுத்து வரலாறு கல்லில் தொடங்குகிறது. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையோரமுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2006இல் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தது. எழுத்தமைதியைக் கொண்டு அவற்றை ஆய்வாளர்கள் பொ.ஆ.மு. 3ஆம், 2ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியனவாகக் கணித்தனர். அவற்றுள் ஒன்று ஆகோள், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட வீரனைக் குறிப்பது. பல நூற்றாண்டுகள் கழித்து உத்தமபாளையத்துக் குன்றில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கியவர்கள், அவற்றின் அருகே செய்வித்தோர் பெயர்களை வட்டெழுத்தில் வெட்டி வைத்தனர். பாண்டி நாட்டின் பல குன்றுகளில் காணப்படும் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் இங்கும் உள்ளது. நடுகல்லின் எழுத்தானாலும் குன்றின் எழுத்தானாலும், அது நிற்கும் இடமே அதன் பொருளில் பாதி. மாண்ட இடத்திலோ வழிபடும் இடத்திலோ நின்றால்தான் அதற்கு மதிப்பு உண்டு. படியெடுத்து வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

செப்பேட்டின் நிலை வேறு. அது கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஆவணம். இப்பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. ஆய்வாளர் அவற்றைப் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, சிறிய சின்னமனூர்ச் செப்பேடு என்று பிரித்து அழைக்கின்றனர். 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராசசிம்மன் காலத்துப் பெரிய செப்பேடு, வடமொழிப் பகுதியைக் கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் கொண்டு, நிலக்கொடையைப் பதிவு செய்வதோடு பாண்டியர் குல வரலாற்றையும் விரித்துரைக்கிறது. மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் பாண்டிய முன்னோரின் செயல்கள் என்று அது கூறுவதால், தமிழிலக்கிய வரலாற்று நூல்கள் எல்லாவற்றிலும் இந்தச் சிற்றூரின் பெயர் வந்தே தீருகிறது.

தொழில்நுட்பக் கண்ணோடு பார்த்தால் இந்தச் செப்பேடு வியப்புக்குரியது. தட்டி மட்டமாக்கிய செப்புத் தகடு, அதில் கூரிய உளியால் சீராக வெட்டிய பள்ள எழுத்து ஆகிய இரண்டும் குழியச்சுக்கு வேண்டிய தகட்டின் இலக்கணத்தையே ஏறக்குறைய நிறைவேற்றுகின்றன. 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செருமனியிலும் இத்தாலியிலும் பொற்கொல்லர்கள் தாம் செதுக்கிய உலோகத் தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரக் காகிதத்தை அதன்மேல் அழுத்தி எடுத்தபோது செப்புத் தகட்டு அச்சு பிறந்தது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தகடும் செதுக்கலும் சின்னமனூர்ப் பகுதியில் இருந்தன. பள்ளத்தில் மை நிரப்பும் வழக்கமும் தமிழருக்குப் புதிதன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படாது. கரியோ விளக்குமசியோ இலைச்சாற்றோடு சேர்த்துத் தடவித் துடைத்தால் மேற்பரப்பு தூய்மையாகிவிட, கீறலுக்குள் மட்டும் மை தங்கி எழுத்து துலங்கும். குழியச்சுத் தொழிலாளி தகட்டில் செய்வதும் இதே வேலைதான். மீதமிருந்தது ஒரே ஒரு படி: மை தங்கிய அப்பரப்பின்மேல் இன்னொரு பரப்பை வைத்து அழுத்துவது.

அந்தப் படியை எடுத்து வைக்காததற்குத் திறமைக் குறைவு காரணமாக இருந்திருக்க முடியாது. ஒரு காரணம் காகிதம் இல்லாமை. ஓலை விறைப்பானது, அழுத்தத்துக்கு வளைந்து பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சி வரும் மென்மை அதற்கு இல்லை. அடுத்த காரணம் இன்னும் ஆழமானது. செப்பேட்டின் ஆற்றல் அது ஒன்றே ஒன்றாக இருப்பதில்தான் இருந்தது. தகடுகளைத் துளையிட்டு வளையத்தில் கோத்து, வளையத்தின் மூட்டில் அரச முத்திரையைப் பதித்துக் கொடுத்ததன் நோக்கமே, வேறொருவர் ஒரு தகட்டைச் செருகவோ உருவவோ கூடாது என்பதாகும். நூறு படிகள் கிடைக்கும் ஆவணத்தால் நிலத்தின் உரிமையை நிறுவ இயலாது என்று கருதிய சமூகத்தில், படியெடுக்கும் கலை வளர இடமில்லை. சீனத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பொ.ஆ. 175இல் தொடங்கி லோயாங் நகரில் கன்பூசிய நூல்களின் செம்பாடத்தைக் கல்லில் வெட்டி நிறுத்தியபோது, பிழையற்ற பாடத்தைத் தேர்வுக்குப் படிப்போர் அனைவரும் பெறவேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது. கல்லெழுத்தின்மேல் காகிதத்தை ஒற்றிப் படியெடுக்கும் வழக்கம் அங்கே பரவியது. மரக்கட்டை அச்சுக்கு அது முன்னோடி எனப் பலர் கருதுகின்றனர். 868ஆம் ஆண்டு நாளிட்ட வச்சிரச் சூத்திரச் சுருள் இன்றும் இருக்கிறது. செப்பேட்டுக் காலப் பாண்டி நாட்டில் உளியும் மையும் இருந்தும் அச்சு தோன்றாததற்கு, படிகளை வேண்டி நின்ற கூட்டம் இல்லாததே முதன்மைக் காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

அச்சு தமிழகத்துக்கு வந்தபோது அத்தகைய கூட்டத்தை உருவாக்கும் நோக்கத்தோடு வந்தது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் வழங்கும் என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் 16 பக்கங்களில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு செருமனியின் ஆலே நகரிலிருந்து வரவழைத்த தமிழ் எழுத்துகளோடு தமிழ் அச்சைத் தொடங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியிலிருந்து கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது. 1835இல் பொறுப்புத் தலைமை ஆளுநர் மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகத்தின்மீதிருந்த முன்னனுமதிக் கட்டுப்பாட்டை நீக்கியபின் தமிழர் நடத்தும் அச்சுக்கூடங்கள் பெருகின. இவையெல்லாம் நன்கறியப்பட்டவை. கம்பம் பள்ளத்தாக்குக்கு அச்சுத்தாள் வந்து சேர்ந்த வழி இதிலிருந்து சற்றே விலகிச் செல்கிறது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1834இல் மதுரையில் கிளை தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் அந்த மிஷனின் மானிப்பாய் அச்சகத்துக்கு அச்சாளர் ஈஸ்ட்மன் மைனர் வந்து சேர்ந்தார். மதுரை மிஷன் பின்னர் பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய ஊர்களுக்கும் தன் பணியை விரித்து, பசுமலையில் லெனாக்ஸ் அச்சகம் என்ற பெயரில் தனக்கென்று ஓர் அச்சுக்கூடத்தையும் நடத்தியது. துண்டு நூல்களையும் விவிலியப் பகுதிகளையும் சுமந்து ஊர்ஊராக விற்ற நூல்விற்பனைத் தொண்டர்கள் மிஷன் பணியின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்தனர். விலை மலிவான, ஒரே மாதிரியான, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துத் தாள் என்ற பொருளே புதியது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட அந்தப் புதுமையே அதிகம் நிலைத்தது.

மிஷனைவிடப் பெரிய அச்சாளராக இருந்தது அரசாங்கம். அதன் அச்சு இப்பள்ளத்தாக்கை எப்படிப் பதிவு செய்தது என்பதற்கு வார்டு என்ற அளவையாளரின் நினைவுக்குறிப்பு நல்ல எடுத்துக்காட்டு. கம்பம், போடி, தேவாரம், கோம்பைப் பாளையங்கள் அடங்கிய திண்டுக்கல் சீமையையும் மதுரைச் சீமையையும் 19ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் அளந்த அவருடைய விரிவான விவரக்குறிப்புகள் பல பத்தாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1895இல்தான் மதுரைக் கலெக்டர் அலுவலக அச்சகத்தில் மூன்று தொகுதிகளாக அச்சேறின. இடைப்பட்ட காலத்தில் நெல்சன் எழுதிய மதுரை நாட்டு விவரநூல் 1868இல் சென்னை லாரன்ஸ் அசைலம் அச்சகத்தில் வெளிவந்துவிட்டது. அச்சுப்பொறி அருகிலேயே இருந்தும் ஒரு கையெழுத்துப் படி எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது என்பது, பொறியின் இருப்பு மட்டும் அச்சைத் தோற்றுவிப்பதில்லை என்ற, செப்பேடு சொன்ன அதே செய்தியைத் திரும்பச் சொல்கிறது. வார்டின் நூல் அச்சான அதே 1895இன் அக்டோபரில், இப்பள்ளத்தாக்குக்கு நீர் தரும் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. அணையின் வரலாற்றை மெக்கன்சி எழுத, சென்னை அரசு அச்சகம் 1899இல் வெளியிட்டது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் படத்தை இப்பகுதி மக்கள் வீட்டிலும் கடையிலும் மாட்டிப் போற்றுகின்றனர். ஆனால் சுரங்கமும் கலிங்கும் எவ்வாறு கட்டப்பட்டன என்பதைக் கணக்கோடு விளக்கும் மெக்கன்சியின் நூல் தமிழ் வாசகரை இன்னும் போதிய அளவு சென்றடையவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அரசு அச்சகத்தின் பெரும்பகுதி உழைப்பு நூல்களுக்குச் செல்லவில்லை; படிவங்களுக்கே சென்றது. வரி ரசீது, அடங்கல், பட்டா, பிறப்பு இறப்புப் பதிவேடு, அழைப்பாணை என்று கோடிட்ட கட்டங்களும் நிரப்பவேண்டிய வெற்றிடங்களும் கொண்ட தாள்கள் வழியாகவே உழவர் குடும்பங்கள் அச்சைச் சந்தித்தன. அச்சின் இந்த முகம் எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதை மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதி நேரிலேயே கண்டது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்து, பிறமலைக் கள்ளர் சமூகத்தின்மீது ஏவப்பட்டபோது, மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். பதிவேட்டில் பெயர் ஏறியவர் இரவில் காவல் நிலையத்தில் கணக்குக் கொடுக்கவேண்டும். ஊரைவிட்டுச் செல்ல ராத்திரிச் சீட்டு எனப்பட்ட அனுமதித் தாளை வைத்திருக்கவேண்டும். கையில் மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் முறை 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷலால் ஒப்பந்தத்தாளில் பயன்படுத்தப்பட்டு, 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவாக நிறுவனமயமானது. விரலின் மேடுகளில் மை ஒட்டிப் பதிவதால் அது தொழில்நுட்ப வகையில் மேட்டச்சுதான். ஈய எழுத்தின் இடத்தில் மனித உடல் நின்றது என்பதே அதன் கொடுமை. எண்ணற்ற படிகளைத் தந்து அறிவைப் பரப்பிய அதே நுட்பம், ஒரே ஒரு மனிதனை எங்கும் தப்பவிடாமல் அடையாளம் காணவும் உதவியது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்னும் பெண் உட்படப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அச்சு வரலாற்று நூல்கள் இந்த நிகழ்வைத் தமக்குரியதாகக் கருதாமல் விட்டிருப்பது சரியன்று. மையும் தாளும் அழுத்தமும் சேர்ந்த எந்தப் பதிவும் அவ்வரலாற்றுக்குள் அடங்கவே செய்யும்.

இதே காலத்தில், வேறொரு நோக்கத்துக்காக, பள்ளத்தாக்கின் பழைய எழுத்துகளும் மை பூசிக்கொண்டன. 1886இல் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டறிஞராக ஆய்கன் ஹூல்ஷ் நியமிக்கப்பட்டபின், கோயில் கோயிலாகச் சென்று மைப்படி எடுக்கும் பணி முறைப்படி தொடங்கியது. மைப்படி எடுக்கும் முறை எளியதுதான், ஆனால் பழகிய கை வேண்டும். கல்லைக் கழுவித் தூய்மை செய்து, நனைத்த காகிதத்தை அதன்மேல் பரப்பி, கெட்டியான மயிர்த் தூரிகையால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்கவேண்டும். தாள் சற்று உலர்ந்ததும், மை தோய்ந்த துணிப்பந்தால் மேற்பரப்பில் ஒற்றிக்கொண்டே வந்தால் பள்ளத்துக்குள் இறங்கிய இடங்கள் வெண்மையாகவும் மற்றவை கறுப்பாகவும் நின்று, கறுத்த தாளில் வெள்ளெழுத்தாகக் கல்வெட்டு முழுவதும் எழுந்து வரும். காகிதத்தின் பின்புறம் கல்லில் படிய முன்புறத்தில் மை ஒற்றுவதால் எழுத்து இடவலமாகத் திரும்புவதில்லை. லோயாங் கற்களின்மேல் சீனர் வளர்த்தெடுத்த ஒற்றுமுறை பல நூற்றாண்டுகள் கழித்துப் பாண்டியரின் கற்களின்மேல் செயல்பட்டது என்றே இதைக் கருதலாம். இடத்தோடு பிணைந்திருந்த எழுத்து முதன்முறையாக இடத்தைவிட்டுப் புறப்பட்டது.

மைப்படியைப் பலருக்கும் கொண்டு சேர்க்க இன்னும் ஒரு நுட்பம் வேண்டியிருந்தது. தாளில் எடுத்த படியை ஒளிப்படமாக்கி, அந்த ஒளிப்படத்தைக் கல்லச்சுப் பரப்புக்கு மாற்றி அச்சிடும் ஒளிக்கல்லச்சு அதற்கு உதவியது. லண்டனில் வில்லியம் கிரிக்ஸ் என்பவர் இம்முறையில் அணியம் செய்த தகட்டுப்படங்கள் இந்தியக் கல்வெட்டியல் இதழ்களுக்கு அழகும் நம்பகமும் சேர்த்தன. சூவல் தொகுத்த தொல்பொருட் பட்டியல் 1882இலும், ரங்காச்சாரியாரின் ஊர்வாரியான கல்வெட்டுப் பட்டியல் 1919இலும் வெளிவந்தன. சின்னமனூர்ச் செப்பேடுகளின் பாடம் கிருஷ்ண சாஸ்திரி பதிப்பில் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் நான்காம் பகுதியில் 1929இல் அச்சாயிற்று. பத்து நூற்றாண்டுகள் ஒற்றைப் படியாக இருந்த ஆவணம், தன் சட்ட ஆற்றல் முற்றிலும் அழிந்தபின், பலருக்குரிய படிகளைப் பெற்றது. நிலத்தை ஆள்வதற்காக எழுதப்பட்டது வரலாற்றை எழுதுவதற்காக அச்சிடப்பட்டது. முதல் நோக்கத்துக்கு ஒருமை தேவைப்பட்டதைப் போல இரண்டாம் நோக்கத்துக்குப் பன்மை தேவைப்பட்டது. செப்பேடு பேசும் சங்கத்தின் பெயரை ஏற்று 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் தனக்கென அச்சகம் வைத்து, ‘செந்தமிழ்’ இதழையும் ஏட்டில் கிடந்த நூல்களையும் வெளியிட்டது. ஓலையையும் செம்பையும் நம்பிய பழைய புலமையிலிருந்து அச்சை நம்பிய புலமையை வேறுபடுத்திக் காட்ட இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

படித்தோர்க்கான இந்த அச்சுக்கு அருகிலேயே, பெரிய எழுத்தில், மலிந்த தாளில், கதைப்பாடல்களையும் சோதிடத்தையும் மருத்துவத்தையும் அச்சிட்ட இன்னொரு உலகமும் மதுரையில் இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைகள் அந்நூல்களுக்குப் பேர்போனவை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில்பாதை திறந்தபின் பள்ளத்தாக்கு மதுரைக்கு இன்னும் நெருங்கியது. 1942இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ எளிய தமிழில் செய்தியைக் கொண்டுவந்து தேநீர்க் கடைப் படிப்பை ஒரு வழக்கமாக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் தேனி, கம்பம், போடி, பெரியகுளம், சின்னமனூர் போன்ற ஊர்களுக்கு அச்சு சொந்தமானது சிறு அச்சகங்கள் வழியாகத்தான். நூல் அச்சிடுவது அவற்றின் வேலையன்று. ஜாப் வேலை எனத் தொழிலில் வழங்கும் சில்லறை அச்சு வேலையே அவற்றின் வாழ்வு: கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கருமாதிப் பத்திரிகை, வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா போன்ற விழாக்களுக்கான நோட்டீஸ், சினிமாக் கொட்டகையின் துண்டறிக்கை, கமிஷன் கடைச் சீட்டு, பில் புத்தகம், கட்சிக் கூட்டச் சுவரொட்டி. இவ்வேலைக்கு ஏற்ற பொறி, காலால் மிதித்து இயக்கும் டிரெடில். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் கார்டன் உருவாக்கிய வடிவத்திலிருந்து பரவிய இப்பொறியில், அச்செழுத்துச் சட்டம் செங்குத்தாக நிற்கும். வட்டத் தட்டில் பரவிய மையை உருளைகள் எடுத்துவந்து எழுத்தின்மேல் தடவி விலகியதும், தாள் வைத்த பலகை எழுந்து எழுத்தோடு மோதித் திரும்பும். அந்த இமைப்பொழுது இடைவெளியில் ஒரு கையால் அச்சான தாளை எடுத்து மறுகையால் புதுத் தாளை வைக்கவேண்டும். மின்சாரம் தடைப்பட்டாலும் வேலை நிற்காது என்பது சிற்றூர்களில் அதற்கிருந்த பெரிய நன்மை.

கம்பாசிட்டர் எனப்பட்ட அச்சுக்கோப்பவரின் வேலை இன்னும் நுண்மையானது. ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து வார்த்த எழுத்துகள் கேஸ் என்னும் அறைத்தட்டுகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அவர் கையெழுத்துப் படியைப் பார்த்தபடியே, எழுத்தைப் பாராமல் விரலால் எடுத்து, கம்போசிங் ஸ்டிக்கில் தலைகீழாக வரிசைப்படுத்துவார். வரிகள் சேர்ந்ததும் கட்டையும் லெட் தகடும் இட்டு இறுக்கிச் சட்டத்துக்குள் முடுக்குவார். மெய்ப்புப் பார்த்து அச்சானபின், அதே எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் மீண்டும் போடவேண்டும். தமிழுக்கு உயிர்மெய்களும் கொம்பும் துணைக்காலும் விலங்குகளும் சேர்வதால் அறைகளின் தொகை ஆங்கிலத்தைவிட மிகுதி. ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு தடிப்புக்கும் தனித்தனி வார்ப்பு வாங்கவேண்டும். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களை நீக்கியதன் பயனை இந்தச் சிறு அச்சகங்களின் கேஸில்தான் முழுமையாக உணரமுடியும். கொள்கை அளவில் நடந்த விவாதங்கள் ஒருபுறம் இருக்க, கம்பாசிட்டருக்கு அது குறைந்த அறைகள், குறைந்த முதலீடு என்ற கண்கூடான செய்தி. ஆயினும் வாங்கிவிட்ட ஈயத்தைத் தேயும்வரை பயன்படுத்தியாகவேண்டிய அச்சகங்களில், அரசாணைக்குப் பிறகும் பழைய வடிவங்கள் அழைப்பிதழ்களில் தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தன.

இந்தச் சில்லறை அச்சில் கல்யாணப் பத்திரிகைக்குத் தனி மதிப்பு உண்டு. இருவீட்டாரின் தாத்தா பாட்டி முதல் தாய்மாமன், சித்தப்பா, அத்தை மாப்பிள்ளை வரை பெயர்களும் ஊர்களும் தொழில்களும் வரிசைமுறை பிசகாமல் அதில் வரவேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் உறவே முறியும். போடி, தேவாரம், கோம்பைப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களும் அழைப்பைத் தமிழிலேயே அச்சிட்டன. செப்பேட்டில் அரச குலத்துக்கு மட்டும் வாய்த்த வம்சவரிசை, மிதியச்சில் உழவர் வீட்டுக்கும் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளி வீட்டுக்கும் வாய்த்தது. பள்ளத்தாக்கின் அச்சு வரலாற்றில் மிகப்பெரிய மாற்றம் இதுவே என்று துணிந்து கூறலாம்.

இந்நிலையில் சிவகாசியின் பங்கைச் சொல்லாமல் இருக்க இயலாது. 1920களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபின், பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய வண்ணச் சீட்டுகளுக்காகக் கல்லச்சு வளர்ந்து, பிறகு ஆஃப்செட்டாக விரிந்தது. கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவர் மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாகத் தமிழகமெங்கும் சுவரேறின. இதில் ஒரு தொழிற்பங்கீடு அமைந்தது: படமும் வண்ணமும் தங்கப்பூச்சும் கொண்ட அழைப்பட்டைகளும் நாட்காட்டிகளும் சிவகாசியில் அச்சாகி, அடியில் வெற்றிடத்தோடு வந்து இறங்கும்; மணமக்கள் பெயரையோ கடையின் பெயரையோ உள்ளூர் டிரெடில் அதில் ஏற்றும். சமதள அச்சும் மேட்டச்சும் ஒரே தாளில் இப்படிச் சேர்ந்ததனால்தான், பெரிய நகரங்களில் ஈய எழுத்து மறையத் தொடங்கியபின்னும் சிற்றூர் டிரெடில்கள் சில காலம் தாக்குப்பிடித்தன. கணினியில் தமிழ் எழுத்துருக்கள் வந்து, டிடிபி என்னும் மேசைக் கணினி அச்சுக்கோப்பும் மினி ஆஃப்செட்டும் பரவியதும் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. எழுத்து உருக்கி விற்கப்பட்டது, பொறி பழைய இரும்பாயிற்று. பின்னர் பிளக்ஸ் பதாகை வந்து சுவரொட்டியின் இடத்தையும் பெருமளவு பிடித்துக்கொண்டது.

இவ்வரலாற்றை இனி எழுதப்போகிறவர்களுக்கு இருக்கும் இடர், சான்றுகள் அழியும் வேகம். 1867ஆம் ஆண்டு அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் நூலிலும் செய்தித்தாளிலும் குறிக்கச் செய்தது. 1961இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 127அ பிரிவு தேர்தல் சுவரொட்டிக்கும் அதையே கட்டாயமாக்கியது. அந்த ஒரு வரியே இன்று ஓர் ஊரில் எந்த அச்சகம் எப்போது இயங்கியது என்பதற்குச் சான்று. ஆனால் அழைப்பிதழும் திருவிழா நோட்டீசும் எந்த அரசு நூலகத்தின் வைப்புக் கடமைக்குள்ளும் வருவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்ததனால், 1994இல் சென்னையில் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் செட்டிநாட்டின் சில்லறை அச்சு ஓரளவு காப்பாற்றப்பட்டிருக்கிறது. அச்சகங்கள் வேலைக்கு ஒன்றாகக் கட்டிவைத்த மாதிரிப் படிக் கோப்புகளும், பழைய கேஸ்களில் எஞ்சிய ஈய எழுத்தும், மரத்தில் வெட்டிய சுவரொட்டி எழுத்தும், துத்தநாக பிளாக்குகளும் தேனி மாவட்டத்தில் முழுவதும் தீர்ந்துபோவதற்குள், கல்வெட்டுக்கு மைப்படி எடுத்தவர்களின் பொறுமையோடு அவற்றையும் ஊர்வாரியாகப் பட்டியலிட்டுச் சேர்க்கும் பணி தொடங்கப்படவேண்டும்.